மாரிக்கண்ணு அம்மாவின் ஹெட்போனில் இருந்த தாமதம்

அன்றைக்கு ஒலிப்பதிவு அறையில் நான் இருந்தேன். ஸ்டுடியோ முதலாளி ஞானப்பிரகாசம் சார் இருந்தார். ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த கருப்பையா ஐயாவும் அவர் மனைவி மாரிக்கண்ணு அம்மாவும் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகன் சதீஷ் இல்லை. குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் விபத்தில் இறந்து, அந்த மண்ணிலேயே அடக்கமாகியிருந்தான். கருப்பையா ஐயாவின் தங்கை ராக்கு அம்மாவும் இல்லை. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரியில் எனக்குப் பல வருடம் பின்னால் படித்த தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். “அண்ணே, லேப்டாப்புல பாட்டு ரெக்கார்டு பண்றேன். பாடுனா எங்கொரலு ஹெட்போன்ல லேட்டா வருதுண்ணே. பாடவே முடியல. நீங்க ஸ்டுடியோவுல இருந்தவருல்ல, என்னண்ணே செய்யணும்?” சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு அடங்கவில்லை.

எனக்கு வயது முப்பத்து மூன்றுதான். ஆனால் ஸ்டுடியோ மூடியாகிவிட்டது. சார் திருச்சியில் மகள் வீட்டோடு போய்விட்டார். நான் ஒரு பைக் ஷோரூமில் பில் போடுகிறேன். அந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் ‘ஆள் தேவை’ என்று எழுதியிருந்தது. காதணி விழாப் பாட்டு, கோயில் திருவிழா விளம்பரம், சர்ச் பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு என்று எல்லாம் வரும். ஒயர் சுற்றவே சில மாதம் கற்றேன். கம்ப்யூட்டர் திரையில் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தம் தெரியாமல் படமாக மனப்பாடம் செய்தேன். மற்றதை வேலையில் தெரிந்துகொண்டேன்.

தாமதம் என்பது என்ன என்று சார் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பாடுகிறவரின் குரல் மைக்கில் ஏறி லேப்டாப்புக்குள் போய், திரும்பி அவர் காதில் இருக்கும் ஹெட்போனுக்கு வருகிறது. லேப்டாப் குரலைச் சொட்டுச் சொட்டாக வாங்காது. குடம் நிறைந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு நடக்கும். குடம் பெரிதானால் நிறைய நேரம் பிடிக்கும். அந்தக் குடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். குடத்தைச் சின்னதாக்கினால் குரல் சீக்கிரம் வரும். ரொம்பச் சின்னதாக்கினால் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கி, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வரும். பொரிகிற இடம்வரை குறைத்துவிட்டு, அங்கிருந்து ஒரு படி ஏற்றி நிறுத்த வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்குத் தாமதம் நாக்கைக் கட்டிப்போட்டுவிடும். தன் குரல் பின்னால் வருவதைக் கேட்டதும் அது வந்து சேரட்டும் என்று நிற்பார்கள். கட்சிப் பாட்டுப் பாட வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இப்படி நின்று நின்று, மூன்று நிமிடப் பாட்டை ஐந்து நிமிடத்துக்கு இழுத்துவிட்டார். “மாட்டு வண்டியில ஓட்டு கேக்கப் போறாப்ல இருக்கு” என்று அவரே சிரித்தார். கறம்பக்குடிப் பக்கத்து சர்ச் ஒன்றில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர், “சாரு, இப்ப அமுக்குனது இன்னிக்கே வருமா, நாளைக்கி வருமா?” என்று கேட்டார். “நீங்க பாட்டுக்கு அமுக்குங்க, பண்டிகைக்குள்ள வந்துரும்” என்றார் சார்.

சாரின் வழி தனி. பாட வந்தவரிடம் ‘தப்பு’ என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. யார் பாட வந்தாலும் முதலில் அந்த ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, பஸ் கண்டக்டர் மாதிரி, “புதுக்கோட்டை, ஆலங்குடி, கறம்பக்குடி” என்று மைக்கில் சொல்லிப் பார்ப்பார். ‘ஆலங்குடி’யைச் சொல்லி முடிப்பதற்குள் ‘ஆலங்’ காதுக்குத் திரும்பி வந்து இடித்தால் தாமதம் இருக்கிறது என்று அர்த்தம். பாதியில் கோளாறு தெரிந்தால், “தம்பி, டீ சொல்லு” என்பார். பதிவை நிறுத்து, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்யலாம் என்பது எனக்கு மட்டும் புரியும்.

மாரிக்கண்ணு அம்மா வந்த அன்று நிலைமை சரியில்லை. மைக்கை லேப்டாப்போடு சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி பழுதுக்குப் போயிருந்தது. அதற்குப் பதிலாக விலை குறைந்த யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றைச் செருகியிருந்தோம். தெருச்சத்தத்தை வடிகட்ட ஒரு எஃபெக்ட் போட்டிருந்தேன். ஒயர் ஹெட்போனை மாட்டியதும் அந்த அம்மா முகம் சுளித்தார். தோட்டை அழுத்தியது. அதனால் மெத்தென்று இருந்த ப்ளூடூத் ஹெட்போனைக் கொடுத்தோம். ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் பிந்த வைக்கும். மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சாருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த அம்மா இருந்த இருப்பைப் பார்த்து, தன் வழக்கமான பஸ் ஸ்டாப் சோதனையைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

மாரிக்கண்ணு அம்மா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கருப்பையா ஐயாதான் பேசினார். மனைவிக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார், ஆனால் அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியவில்லை.

“எங்க ஊருல எந்தச் சாவுன்னாலும் மொதக் கொரலு இவதான் சாரு. ஒப்பாரி வச்சான்னா ரோட்டுல போறவன் நின்னு அழுதுட்டுப் போவான். பெத்த மகனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு வரல. சோறு எறங்கல. கஞ்சித் தண்ணியத் தொண்டையில ஊத்துனாலும் கடைவாயில வழியுது. அழுவலைன்னா நெஞ்சுல கட்டிக்கிரும், எப்பிடியாச்சும் அழ வையிங்கங்கிறாரு டாக்டரு.”

“வீட்டுல பொம்பளையாளுக வந்து அழுவலையாய்யா?” என்று சார் கேட்டார்.

“வந்தாக சாரு. ஒடம்பு இல்லையே. யாரச் சுத்தி ஒக்காருவாக? வாசல்ல நின்னு விசாரிச்சுட்டு, கையப் புடிச்சுட்டுப் போயிட்டாக. ஒடம்பக் கொண்டாந்திருக்கலாம். மொகம் பாக்குற மாதிரி இல்லைன்னு சொன்னாக. நாந்தான் அங்கேயே அடக்கஞ் செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.” துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “பதினாறாம் நாளு காரியத்துக்கு ரேடியோ செட்டுல போடணும், ஒரு பாட்டுப் பாடிக் குடுன்னு பொய் சொல்லித்தான் கூட்டியாந்தேன். மைக்கக் கண்டாலாச்சும் வாயத் தொறப்பான்னு.”

அந்த அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் ஸ்டூலில் உட்காரவைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. சார் என் தோளில் கை வைத்து, ஓட விடு என்று ஜாடை காட்டினார். அப்புறம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து குரல் வந்தது.

“பெட்டி கட்டி அனுப்பி வச்சேன் – நான் பெத்த மகனே
பெட்டியிலயும் வல்லையே...”

‘வல்லையே’ என்பதை இழுத்து விட்டபோது, அவர் தலை சட்டென்று இடது பக்கம் திரும்பியது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். ஒரு கை நீண்டு மைக் ஸ்டாண்டின் கம்பியைச் சுற்றிக்கொண்டது.

“ஏரோப்பிளேன் சத்தம் கேட்டா – என் ஐயா
எட்டி எட்டிப் பாக்குறேனே...”

பாடினார், நின்றார், காத்திருந்தார், மறுபடி பாடினார். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் தொங்கி, சேலையில் விழுந்தது. வெளியே கருப்பையா ஐயா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார்.

எங்கள் பக்கம் கேட்டது அவர் குரல் மட்டும்தான். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வெறும் இடைவெளி. சார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “ஏன் தம்பி இப்பிடி நிப்பாட்டுறாங்க?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்குப் போகும் ஒலியைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். குரல் ஒரு முழு வார்த்தை அளவுக்குப் பின்தங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. மகனைப் பறிகொடுத்து வந்த ஒரு தாயைத் தன்னுடைய மிஷின் தடுக்கிறது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தனை வருடப் பழக்கத்தில் வேறு எப்படி நினைப்பது?

“தம்பி, டீ சொல்லு.”

மாரிக்கண்ணு அம்மா டீயைக் கையில் வாங்கி வைத்திருந்தார், குடிக்கவில்லை. சார் அன்றைக்குச் செய்த வேலையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. ப்ளூடூத்தை எடுத்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய இன்டர்ஃபேஸ் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அதில் ஒரு பக்கம்தான் வேலை செய்யும், ஒரு மைக்குக்கு ஒரு பக்கம் போதும். அந்தப் பெட்டிக்கென்று உள்ள டிரைவர் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார். நான் போட்ட வடிகட்டியைக் கழற்றினார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற புரோகிராம்களை மூடச் சொன்னார். பஃபரைக் குறைத்துக்கொண்டே போய், பொரிந்ததும் ஒரு படி ஏற்றினார். அப்புறம் பெட்டியின் முகப்பில் உள்ள சின்ன சுவிட்சைத் தட்டினார். அதைத் தட்டினால் பாடுகிறவர் குரல் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்குப் போகும். கடைசியாக ஹெட்போனை மைக்கின் மேல் கவிழ்த்து வைத்து ‘டிக்’ என்ற ஒலியை ஓடவிட்டுப் பதிவுசெய்தார். போன டிக்குக்கும் வந்த டிக்குக்கும் உள்ள இடைவெளியைத் திரையில் அளந்து, பதிவு அந்த அளவு முன்னால் தள்ளி உட்கார ஏற்பாடு செய்தார்.

“புதுக்கோட்டை, ஆலங்குடி, கறம்பக்குடி.” பளிங்கு மாதிரி கேட்டது.

ஒயர் ஹெட்போன் தோட்டில் படாமல் இருக்க, பஞ்சை உருட்டித் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் அவரே வைத்தார். “இப்ப நல்லாக் கேக்கும்மா. தடங்கல் இருக்காது. மனசு விட்டுப் பாடுங்க” என்றார்.

மாரிக்கண்ணு அம்மா ஓர் அடி பாடினார். இழுத்து விட்டார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். கண்ணைத் திறந்தார். இடது பக்கம் பார்த்தார். மறுபடி ஓர் அடி, இன்னும் மெதுவாக. மறுபடி காத்திருந்தார்.

“எங்க போனா?” என்றார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

சார் மைக்கில் குனிந்து, “யாரும்மா?” என்றார்.

“ராக்குதான். இம்புட்டு நேரம் இங்கன என்னோட பாடிக்கிட்டிருந்தாளே.”

ஒப்பாரி எப்படிப் பாடுவார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தனியாகப் பாட மாட்டார்கள். இரண்டு பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்து உட்காருவார்கள். ஒருத்தி அடியைச் சொல்லி இழுக்கும்போது மற்றவள் அந்த வாலைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி கிடைத்தால்தான் அடுத்த அடி வரும். அந்த அம்மாவுக்கு அன்றைக்குப் பிடி கொடுத்தது எங்கள் தாமதம். பிந்தி வந்த தன் குரலையே நாத்தனார் குரலென்று நினைத்து அவர் அதன் தோளில் சாய்ந்திருந்தார்.

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “எல்லாத்தையும் பழையபடி வையி” என்றார். அவர் அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கன்வெர்ட்டர், ப்ளூடூத், வடிகட்டி, பெரிய பஃபர் எல்லாவற்றையும் திரும்ப வைத்தேன். அந்த அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓர் அடி பாடினார். குரல் திரும்பி வந்தது. எனக்குத் திரையில் தெரிந்தது, முன்பு வந்த அதே அளவு தாமதம்.

அவர் ஹெட்போனை மெல்லக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தார்.

“இது ஏங்கொரலுதான்” என்றார்.

கண்ணீர் நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, “போவமா? பஸ்ஸு இருக்குமா?” என்று கணவரைக் கேட்டார்.

மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மாடிப்படியில் நின்றுதான் கருப்பையா ஐயா விஷயத்தைச் சொன்னார். ராக்கு அவர் தங்கை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மாரிக்கண்ணும் ராக்கும் கட்டிப்பிடித்து அழுதால்தான் துஷ்டி வீடு துஷ்டி வீடாக இருக்கும் என்பார்களாம். முந்திரிக் கொல்லை ஒன்றை ராக்குக்கு என்று அவர்கள் தாய் வாயால் சொல்லிவிட்டுப் போனார். இவர் எழுதிக் கொடுக்கவில்லை. சதீஷைக் குவைத்துக்கு அனுப்பக் கடன் வாங்கியபோது, அந்தக் கொல்லையை நம்பித்தான் வாங்கினார். இப்போது கடனை அடைக்க அதை விற்கப் பேசி, ஒருவரிடம் அட்வான்சும் வாங்கியிருந்தார். ‘எம்பங்கு எங்கைக்கு வராம ஒன் வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று தங்கை சொல்லிவிட்டுப் போனது போனதுதான்.

“செய்தி கேட்டு பஸ் ஏறி வந்துட்டா சாரு. எங்க ஊரு ஸ்டாப்புல எறங்கி, அங்கிட்டே நின்னு அழுதுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிட்டா. பாத்தவக சொன்னாக.”

“நீங்க போய்க் கூப்பிட வேண்டியதுதானேய்யா?”

“கூப்புடுறதுன்னா வெறுங்கையோடயா?” அவர் போனை எடுத்தார். மறுமுனையில் எடுத்தது ராக்கு அம்மாவின் மகன். ஸ்பீக்கரில் போடவில்லை, இருந்தாலும் அவன் சத்தம் எங்களுக்குக் கேட்டது. “மாமா, சாவு வீட்டுல பேசக் கூடாதுதான். ஆனா எங்கம்மா சாமி மேல சொன்ன வார்த்தை. எழுதிக் குடுங்க. கூட்டியாறது எம் பொறுப்பு.”

கருப்பையா ஐயா கதவுக் கண்ணாடி வழியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். “நாளைக்கிப் பத்திர எழுத்தருகிட்ட வந்துரு மாப்ள” என்றார்.

சார் அவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்கள் போன பிறகு, வேலை முடிந்தும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். “நான் செஞ்சதுல எதுவும் பிசகில்லையே தம்பி?” என்றார். இல்லை சார் என்றேன். உண்மையும் அதுதான். தம்பிக்கு நான் அனுப்பிய பதிலில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்கிறேன். தாமதத்தை எடுப்பதற்கு முன்னால் பாடுகிறவரிடம், “ஒங்களுக்கு என்ன கேக்குது?” என்று ஒரு தடவை கேட்டுவிடு. அன்றைக்கு நாங்கள் அளந்தோம், கேட்கவில்லை.

பதினாறாம் நாள், பாட்டைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டு வா என்று சார் என்னை அனுப்பினார். லேப்டாப்பும் ஒரு மைக்கும் கொண்டுபோனேன். வாசலில் சாமியானா போட்டு, சதீஷின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். உள்ளே மாரிக்கண்ணு அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகம் சுருங்கி இன்னும் சின்னதாகியிருந்தது.

ராக்கு அம்மா மகனோடு பைக்கில் வந்து இறங்கினார். நல்ல உயரம், பெரிய கை. வாசற்படியில் நின்று அண்ணனைப் பார்க்காமல் நேராக உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏ மதினி! டவுனுல போயி மிஷினோட சோடி கட்டிப் பாடுனியாமே? எனக்கு அம்புட்டுக் கட்டக் கொரலா?”

மாரிக்கண்ணு அம்மா திரும்பிப் பார்த்தார். “இம்புட்டு நாளு எங்கடி போயிருந்த?” என்றார். ராக்கு அம்மா ஓடிப்போய் விழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

“அத்தைன்னு கூப்பிட்ட வாய – எம் மருமகனே
அன்னிய மண்ணு தின்னுருச்சே...”

அந்த அடி முடிவதற்கு முன்பே மாரிக்கண்ணு அம்மாவின் குரல் அதன் மேல் ஏறிவிட்டது. அடுத்த தடவை முடிந்து ஒரு மூச்சு விட்டு ஏறியது. ஒரு தடவை இரண்டும் ஒன்றாகவே எழுந்தன. வாசலில் நின்று விசாரிக்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள். உடம்பு இல்லாத வீட்டில் அவர்கள் சுற்றி உட்கார இப்போது இந்த இரண்டு பேர் இருந்தார்கள்.

நான் மைக்கை நீட்டினேன். கருப்பையா ஐயா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். “வேணாந் தம்பி. அணைச்சுரு.” அணைத்துவிட்டேன். அந்த அழுகை என்னிடம் பதிவாக இல்லை.

பொழுது சாயும்போது ராக்கு அம்மா கஞ்சியைக் கரைத்து ஊட்ட, மாரிக்கண்ணு அம்மா குடித்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். கருப்பையா ஐயா பஸ் ஸ்டாப்வரை கூட வந்தார். சதீஷுக்காக வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, இனிமேல் தென்னந்தோப்புக்குத் தண்ணி கட்டப் போய்த்தான் வட்டியாவது கட்ட வேண்டும் என்றார். “இருந்தாலும் அவ அழுதுட்டா தம்பி” என்றார்.

முந்திரிக் கொல்லையை வாங்கப் பேசியிருந்தவர் சொன்ன விலை, அவரிடம் வாங்கிய அட்வான்சைத் திருப்பியபோது சேர்த்துக் கொடுத்த வட்டி, தங்கை பேருக்கு எழுதிய பத்திரச் செலவு என்று எல்லாவற்றையும் பஸ் வருவதற்குள் விரல்விட்டுக் கூட்டிச் சொன்னார். ஐந்து லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்.